அழியாததை வீணாக்க முடியுமா?

மாலைநேர மத்ரஸாவில் பாடம் முடிந்து கிதாபை மூடும் வேளையில்தான் பெரும்பாலும் நல்ல கேள்விகள் வருகின்றன. சில மாதங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மற்றப் பிள்ளைகள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது என்னருகில் வந்து நின்றான்.

“ஹஸ்ரத், ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று அதே பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அழியாத ஒன்றை எதற்காகச் சிக்கனம் பிடிக்க வேண்டும்? நீங்களோ இறைவனைத் தவிர எல்லாம் அழியும் என்கிறீர்கள். இந்த மூன்றில் எது மெய்?”

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவைத்தேன். காரணம், அதே வாரத்தில் அதே கேள்வியை என் தம்பி வேறோர் உருவில் என்முன் வைத்திருந்தான். அவன் கையில் ஒரு விண்ணப்பத் தாளும் இருந்தது.

எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து பல்லடத்துக்குத் தெற்கே சிறிது தோட்டம் இருக்கிறது. பாகம் பிரியாத நிலம். பட்டா எங்கள் இருவர் பெயரிலும் உள்ளது. நான் நகரத்தில் ஓதிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்; தம்பி அங்கேயே இருந்து தென்னையும் காய்கறியும் பயிர் செய்கிறான். எழுநூறு அடிக் குழாய்க் கிணறு வற்றிவிட்டது. ஆயிரத்து இருநூறு அடிக்கு வேறொன்று இறக்க வேண்டும். அதற்கு என் கையெழுத்து வேண்டும். “மின்சாரம் இலவசம் அண்ணே. தண்ணீர் பூமிக்குள்ளே சும்மா கிடக்கிறது. இதில் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?” என்று கேட்டான்.

மாணவனுக்கு விடை சொல்லத் தெரியாதவன் தம்பிக்கும் விடை சொல்ல முடியாது என்பது எனக்கு விளங்கியது. ஆகவே இயற்பியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான் முதலில் மாணவனானேன்.

குவ்வத்தும் ஃபிஃலும்

ஆற்றல் அழிவின்மை விதி மிகப் பழையதன்று. ஜெர்மனியின் மருத்துவர் மேயர் 1842-இலும், இங்கிலாந்தின் ஜூல் 1840-களில் செய்த தொடர்ச்சியான சோதனைகளிலும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847-இல் எழுதிய கட்டுரையிலும் அதனை நிலைநாட்டினார்கள். ஜூல் செய்த சோதனை நம் வீட்டுக் கிணற்றடியில் நிகழ்ந்தது போன்ற எளிமையுடையது. கயிற்றில் கட்டிய எடைகளைக் கீழே இறங்கவிட்டார். இறங்கும் எடை, நீர் நிறைந்த ஒரு பாத்திரத்துக்குள் துடுப்புகளைச் சுழற்றியது. கலங்கிய நீர் மிகச் சிறிதளவு சூடேறியது. எத்தனை எடை எவ்வளவு தூரம் இறங்கினால் எவ்வளவு நீர் எவ்வளவு சூடேறும் என்று அவர் அளந்தார். எத்தனை முறை அளந்தாலும் கணக்கு ஒத்தே வந்தது. உயரத்தில் இருந்தது வேகமாயிற்று, வேகம் வெப்பமாயிற்று, மொத்தத்தில் எதுவும் குறையவில்லை.

உயரத்தில் இருப்பதனாலேயே ஒரு பொருளுக்கு வாய்த்திருக்கும் ஆற்றலைத் தமிழில் நிலை ஆற்றல் என்கிறோம். அதற்கு ஆங்கிலத்தில் ‘பொட்டென்ஷியல் எனர்ஜி’ என்று 1853-இல் பெயரிட்டவர் ராங்கின் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியியல் அறிஞர். மத்ரஸாவில் மன்திக் படித்த எவருக்கும் இப்பெயர் ஒரு பழைய நண்பரின் முகத்தைக் காட்டும். ஒரு பொருள் ஒன்றாக ஆகக்கூடிய தகுதியோடு இருப்பதை ‘பில்குவ்வா’ என்றும், அது ஆகிவிட்டிருப்பதை ‘பில்ஃபிஃல்’ என்றும் நம் ஆசிரியர்கள் பிரித்துக் காட்டுவார்கள். உறங்கிக்கொண்டிருக்கும் எழுத்தாளன் பில்குவ்வா எழுதுகிறவன். பேனாவைக் கையில் எடுத்து எழுதும்போது அவன் பில்ஃபிஃல் எழுதுகிறவன். அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் வகுத்த இப்பிரிவினை பாக்தாதில் அரபு மொழிக்கு வந்தது. இப்னு ஸீனா முதலானோர் அதனை விரித்து எழுதினார்கள். ‘எனர்ஜி’ என்னும் சொல்லே அரிஸ்டாட்டிலின் ‘ஃபிஃல்’ என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய தத்துவத்தில் ‘குவ்வத்’ என்பது ஒரு தகுதி மட்டுமே. அதனை அளக்க முடியாது. இன்றைய இயற்பியலில் நிலை ஆற்றலுக்கு எண் உண்டு. ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 9.8 ஜூல். உயர்த்தும்போது நாம் கொடுத்தது அதுவே. அது விழும்போது திரும்பக் கிடைக்கக்கூடியதும் அதுவே.

இவ்விடத்தில் மாணவர்கள் பலரும், சில ஆசிரியர்களும்கூட, ஒரு பிழை செய்வதுண்டு. மலைமேல் உள்ள கல்லுக்குள் ஆற்றல் ஒளிந்துகொண்டிருப்பதாக எண்ணுகிறார்கள். கல்லை உடைத்துப் பார்த்தால் அதற்குள் அப்படி ஒன்றும் இராது. அந்த ஆற்றல் கல்லுக்கு மட்டும் உரியதன்று. கல்லும் பூமியும் சேர்ந்த அமைப்புக்கு உரியது. கிணற்றுமேட்டில் கிடக்கும் ஒரு கல்லைத் தரைமட்டத்தில் நின்று பார்த்தால் அதற்கு நிலை ஆற்றல் ஏதுமில்லை. பக்கத்தில் இருக்கும் கிணற்றின் அடியிலிருந்து பார்த்தாலோ அதே கல்லுக்கு நாற்பதடி உயரத்தின் ஆற்றல் இருக்கிறது. கல் அசையவே இல்லை. நாம் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மாறியது. இன்றைய அரபுப் பாடநூல்களில் இதற்கு ‘தாக்கத்துல் வள்உ’ என்று பெயர். இருக்கும் நிலையால் வந்த ஆற்றல் என்பது பொருள். ஒருவருக்கொருவர் உள்ள உறவினால் வரும் உரிமையைப் போன்றது அது. ஒரு கைப்பொருளைப் போல ‘இது என்னுடையது’ என்று ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். தோட்டத்துக் கணக்குக்கு இது தேவைப்படும்.

கவலை இறைத்த காலம்

மற்ற ஊர்களில் கமலை என்பதை எங்கள் கொங்கு நாட்டில் கவலை என்பார்கள். பெயர் பொருத்தம் பற்றிப் பெரியவர்கள் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. காவிரியும் பவானியும் பாயும் பகுதிகள் நீங்கலாக, கொங்கு நாட்டின் பெரும்பரப்பு கிணற்றை நம்பியே வாழ்ந்தது. அடியில் கடும்பாறை, மழையும் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்கிறது.

கவலையில் எருதுகள் சரிவில் இறங்கி நடக்கும். சால் நிறைந்த நீர் மேலே ஏறும். சரிவை ஏன் வெட்டினார்கள் என்று சிறுவயதில் அத்தாவிடம் கேட்டிருக்கிறேன். “மாடு இறங்குகிற பாரமும் சேர்ந்து இழுக்கட்டும் என்றுதான்” என்றார். மாட்டின் உடல் தாழ, அதன் நிலை ஆற்றல் நீரின் நிலை ஆற்றலாக மாறுகிறது. பிறகு அதே மாடு பின்னோக்கிச் சரிவேறித் தன் பாரத்தைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும். அதற்குச் சோளத்தட்டும் புண்ணாக்கும் வேண்டும். சோளத்துக்கு வெயிலும் நீரும் வேண்டும். ஜூலின் பெயரை அறியாத குடியானவன் ஆற்றலின் கணக்கை நன்றாகவே அறிந்திருந்தான். நாளொன்றுக்கு எத்தனை சால் என்பதை மாட்டின் மூச்சைப் பார்த்து அவன் முடிவு செய்தான். ஒரு சால் நீரின் விலை அவன் கண்முன்னே நுரைதள்ளி நின்றது.

இந்நிலை 1932-இல் மாறத் தொடங்கியது. நீலகிரியில் பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் அடைத்து, ஏறத்தாழ 3,000 அடிக்குக் கீழே சிங்காராவில் அமைந்த மின்நிலையத்தில் விழச் செய்தார்கள். அத்துணை உயரத்திலிருந்து நீரை இறக்கி மின்சாரம் எடுத்த நிலையங்கள் அன்று உலகில் மிகச் சிலவே. அந்த மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின. 1937-இல் கோவையிலேயே மின்மோட்டார் செய்யப்பட்டது. அதில் பாலசுந்தரம் நாயுடுவுக்கும் ஜி.டி. நாயுடுவுக்கும் உரிய பங்கை இவ்வூர் மறக்கவில்லை. பின்னர் குந்தா மின்திட்டம் கனடா நாட்டின் உதவியுடன் எழுந்தது. கிணற்றடியில் எருதுகள் நின்ற இடத்தில் மோட்டார்க் கொட்டகை வந்தது.

இதன் பொருள் என்ன? மலைமேல் பெய்த மழைக்கு அதன் உயரத்தால் வாய்த்த ஆற்றல், கம்பி வழியே வந்து, சமவெளியில் பள்ளத்தில் கிடந்த நீரை மேலே தூக்கியது. அங்கே ஒரு நீர் இறங்கியது. இங்கே ஒரு நீர் ஏறியது. தராசின் இரண்டு தட்டுகள் நீலகிரியிலும் பல்லடத்திலும் இருந்தன.

இப்போது கணக்குக்கு வருவோம். தேய்மானம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பைக்காராவில் ஒரு குடம் நீர் 3,000 அடி இறங்கும்போது, நாற்பதடிக் கிணற்றிலிருந்து எழுபத்தைந்து குடம் நீரை ஏற்றிவிடலாம். 3,000-ஐ 40-ஆல் வகுத்தால் போதும். வேறு வித்தை ஒன்றுமில்லை. அதே ஒரு குடம், ஆயிரம் அடிக் குழாய்க் கிணற்றிலிருந்து எத்தனை குடம் ஏற்றும்? மூன்றே குடம். மின்நிலையத்திலும் கம்பியிலும் பம்பிலும் கழியும் தேய்மானத்தைச் சேர்த்தால் அந்த மூன்றும் மிஞ்சாது.

மின்கணக்கிலும் பார்க்கலாம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல். ஆயிரம் லிட்டர் நீரை ஏறத்தாழ 1,200 அடி உயர்த்துவதற்கு அது போதும். அதுவும் பம்பு ஒரு துளியும் வீணாக்காது என்றால். நடைமுறையில் பம்பு வாங்கும் மின்சாரத்தில் பாதியை ஒட்டிய அளவே நீரை உயர்த்துகிறது. ஆகவே நாற்பதடிக் கிணற்றில் ஆயிரம் லிட்டர் இறைக்க ஒரு யூனிட்டில் ஒரு சிறு பகுதி போதுமாயிருந்தது. 1,200 அடியில் அதே ஆயிரம் லிட்டருக்கு இரண்டு யூனிட் ஆகும். பயிர் அதே பயிர்; அது குடிக்கும் நீரும் அதே நீர். முப்பது மடங்கு ஆற்றல் கூடுதலாகச் செலவாவது, நாம் நீரைத் துரத்திக்கொண்டு கீழே கீழே சென்றதற்கு மட்டுமே.

எங்கே போயிற்று?

இவ்விடத்தில் அந்த மாணவன் குறுக்கிடுவான்: “ஹஸ்ரத், அந்த இரண்டு யூனிட்டும் அழியவில்லையே!”

உண்மைதான், அழியவில்லை. பைக்காராவின் நீரையே எடுத்துக்கொள்வோம். 3,000 அடியிலிருந்து இறங்கும் அந்த நீரை மின்பொறியின் வழியே விடாமல், பாறைகளில் மோதி விழும்படி விட்டால் அதன் ஆற்றல் என்னவாகும்? ஜூலின் பாத்திரத்தில் நிகழ்ந்ததே நிகழும்; நீர் சூடேறும். ஆற்றல் முழுவதும் அந்த நீரிலேயே தங்கினாலும் இரண்டு பாகை செல்சியஸ் அளவே சூடு கூடும். கையை விட்டுப் பார்ப்பவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நகரங்களை ஒளிரச் செய்து, தறிகளை ஓட்டி, தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சக்கூடிய அதே ஆற்றல், ஒரு ஜூலும் குறையாமல், யாருக்கும் பயனில்லாத இளஞ்சூடாக மாறிக் கிடக்கும். அந்தச் சூட்டைத் திரட்டி அந்த நீரை மீண்டும் மலையேற்ற எந்தப் பொறியாலும் முடியாது. கார்னோ 1824-இல் தொடங்கிவைத்து, கெல்வினும் கிளாசியஸும் 1850-களில் தெளிவுபடுத்திய இரண்டாவது விதி இதுதான். ஆற்றலின் தொகை குறைவதில்லை. அதனைக் கொண்டு வேலை வாங்கும் வாய்ப்போ குறைந்துகொண்டே வருகிறது.

மாணவனுக்கு இதை நான் இப்படிச் சொன்னேன்: “ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுபோய் நொய்யலாற்று மணலில் கொட்டிக் கலந்துவிடு. ஒரு மணி அரிசியாவது அழிந்ததா? இல்லை. உன் உம்மாவால் அதைக் கொண்டு சோறாக்க முடியுமா?” அவன் சிறிது நேரம் நின்று யோசித்தான். பிறகு, “அப்படியானால் அழிவது வேறு, வீணாவது வேறா?” என்று கேட்டான்.

அதுவே நான் தேடிய விடை. அழிக்கும் வல்லமை மனிதனுக்கு இல்லை. வீணாக்கும் வல்லமை தாராளமாக இருக்கிறது. ஆகவே பள்ளிப் புத்தகமும் பள்ளிச் சுவரும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. புத்தகம் தொகையைச் சொல்கிறது. சுவர் பயனைச் சொல்கிறது.

நம் மார்க்கச் சட்டத்தில் இந்த நுட்பம் முன்பே இடம்பெற்றிருப்பதை அன்றிரவு உணர்ந்தேன். ஒளூச் செய்கையில் நீரை வீணாக்கலாமா என்ற பேச்சில், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் இஸ்ராஃப் கூடாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக இப்னு மாஜா முதலான நூல்களில் வருகிறது. சிறுவயதில் ஓதியபோது இது எனக்குப் புதிராக இருந்தது. ஆற்றில் எடுத்த நீர் ஆற்றிலேயே விழுகிறது, குறைவது என்ன? இப்போது விளங்குகிறது. அங்கே பேசப்படுவது நீரின் தொகை பற்றியது மட்டுமன்று; எடுக்கும் கையின் பழக்கத்தைப் பற்றியதும் ஆகும். நிறைந்த ஆற்றில் அளவறியாத கை, வற்றிய கிணற்றில் திடீரென்று அளவறியப் போவதில்லை.

அரபு மொழியில் இந்த விதிக்கு ‘ஹிஃப்ழுத் தாக்கா’ என்று பெயர். ‘அழிவின்மை’ என்னும் தமிழ்ப் பெயர், நாம் ஒன்றும் செய்யாமலே நடப்பதைக் கூறுகிறது. ‘ஹிஃப்ழ்’ என்றாலோ காத்தல். ஹாஃபிழ் என்பவர் ஓதியதை நெஞ்சில் காப்பவர். இயற்கை காக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதில் நம் உதவி தேவையில்லை. நாம் காக்க வேண்டிய கணக்கு வேறொன்று உண்டு. அதனை இயற்கை நமக்காகக் காக்காது.

மாணவனின் மூன்றாவது ஐயம் பற்றியும் இரண்டு சொல். ‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது’ என்பது, படைப்புகளுக்குள் நிகழும் கொடுக்கல் வாங்கலுக்கு உரிய விதி. ஒரு பொருளின் கணக்கில் குறைந்தது மற்றொன்றின் கணக்கில் கூடியிருக்கும் என்பதே அதன் கருத்து. கணக்கேட்டை ஏற்படுத்தியவனைப் பற்றி அது பேசவில்லை. 1918-இல் எம்மி நோதர் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் இந்த விதியின் வேரைக் காட்டினார். இயற்கையின் விதிகள் நேற்று இருந்தபடியே இன்றும் நாளையும் இருப்பதிலிருந்து ஆற்றல் அழிவின்மை தானாகவே பெறப்படும் என்று அவர் நிறுவினார். இறைவன் வகுத்த வழக்கத்தில் மாறுதல் இல்லை என்று நம்புகிறவனுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. வேதத்தை இயற்பியலுக்குச் சாட்சியாக்கவும் வேண்டாம். இயற்பியலை வேதத்துக்குச் சாட்சியாக்கவும் வேண்டாம். அவையிரண்டும் இவ்விடத்தில் சண்டையிடவில்லை என்பதை அறிந்தால் பிள்ளையின் மனம் அமைதியடையும், அதுவே போதும்.

இலவசம் என்னும் சொல்

இனித் தம்பியின் கேள்வி.

இலவச மின்சாரத்தைக் குறைகூறுவது நகரத்தில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருப்பவனுக்கு எளிது. அது எப்படி வந்தது என்பதை முதலில் நினைக்க வேண்டும். யூனிட்டுக்குச் சில காசுகள் கட்டணம் உயர்ந்ததை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், 1970 ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரத்துச் சாலைகளை அடைத்து நின்றன. அதன் பின்னரே 1980-களில் சிறு விவசாயிகளுக்கும், 1990-களின் தொடக்கம் முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. உயிரைக் கொடுத்துப் பெற்றதை இலவசம் என்று எளிதாகப் பேசிவிடக் கூடாது.

ஆனால் கட்டணம் இல்லை என்பதும் விலை இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆற்றல் அழிவின்மை விதி நமக்குக் கற்பிக்கும் முதல் நேர்மை இதுவே: எங்கேனும் ஒன்று உயர்ந்திருந்தால், வேறெங்கோ ஒன்று தாழ்ந்திருக்க வேண்டும். மலையில் நீர் இறங்கியிருக்கலாம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்திருக்கலாம். அந்தத் தொகையை அரசு எல்லோருடைய வரியிலிருந்தும் செலுத்தியிருக்கலாம். விலைச்சீட்டு நம் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவே. கவலை இறைத்த என் பாட்டனாருக்கு மாட்டின் வாயில் நுரையாகத் தெரிந்த விலை, பித்தானை அழுத்தும் எங்களுக்குத் தெரியவில்லை.

வால்பாறை மலைப்பக்கத்தில், கோவை மாவட்டத்திலேயே இந்த உண்மையை மறைக்காமல் காட்டும் ஓர் இடம் இருக்கிறது. காடம்பாறை மின்நிலையம் 1987-இல் இயங்கத் தொடங்கியது. மலைக்குள் குடைந்த அறையில் நான்கு இயந்திரங்கள். மொத்தம் 400 மெகாவாட். மின்சாரம் மிகுதியாக இருக்கும் வேளையில் அவை கீழேயுள்ள மேல் ஆழியாற்று நீர்த்தேக்கத்திலிருந்து நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுகின்றன. தேவை மிகும் வேளையில் அதே நீரை இறக்கி மின்சாரம் தருகின்றன. இத்தகைய நிலையங்களில் பொதுவாக, ஏற்றுவதற்குக் கொடுத்ததில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கே திரும்பி வரும். நட்டம்தான். ஆனாலும் அதை அறிந்தே, எழுதி வைத்தே செய்கிறார்கள்; வேண்டாத வேளையின் ஆற்றலை வேண்டிய வேளைக்குக் காத்துத் தருவதற்கு அது கொடுக்கும் கூலி. காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருகிவிட்ட இக்காலத்தில் அந்தக் கூலி கொடுக்கத் தக்கதே. நட்டத்தை ஒப்புக்கொண்டு நடத்தும் காரியத்தில் ஏமாற்று இல்லை.

எங்கள் தோட்டத்தில் நட்டத்தை எழுதி வைக்கும் ஏடு இல்லை. ஆனால் அதைச் சுமந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் கிழக்குப் பொழியை அடுத்துத் தோட்டம் வைத்திருக்கும் கவுண்டர், எங்கள் எழுநூறு அடிக் கிணறு இறங்கிய இரண்டாம் ஆண்டில் தம் அறுபதடிக் கிணறு வற்றிப்போக, எருமைகளை விற்றார். பாறைக்கு மேலுள்ள மக்கிய மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலும்தான் எங்கள் பகுதியில் நீர் தங்குகிறது. வெடிப்புகளுக்குப் பொழியும் தெரியாது, பட்டாவும் தெரியாது. எங்கள் கிணற்றால்தான் அவர் கிணறு வற்றியது என்று நான் நிரூபிக்க முடியாது, மழையும் பொய்த்திருந்தது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. ஒருநாள் அவரிடம் நான் இதைப் பேசியபோது கோபமில்லாமல் சொன்னார்: “உங்க தண்ணி உங்க பூமியிலதான் வந்துச்சுங்க, ராவுத்தரே. அது எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாதுங்களே.”

முன்னே சொன்ன கல்லை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். நிலை ஆற்றல் கல்லுக்கு மட்டும் சொந்தமில்லை. கல்லுக்கும் பூமிக்கும் இடையில் உள்ளது. எங்கள் கிணற்று நீரும் எங்களுக்கு மட்டும் சொந்தமானதாக இருந்ததில்லை. எங்களுக்கும் அவருக்கும் இடையில் இருந்தது. இடையில் உள்ளதை ஒரு பக்கம் எடுத்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை நான் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஓதிக்கொடுக்கிறேன். அமானத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற வாயால், தாளில் கையெழுத்திடு என்று என் கையிடம் சொல்ல முடியவில்லை.

கையெழுத்து

தம்பியிடம் இந்தக் கணக்கையெல்லாம் எழுதிக் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் அவன் சொன்னதற்கு என்னிடம் விடை இல்லை: “உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது அண்ணே. 2017 வறட்சியில் மொட்டையாகிப்போன தென்னைகளை நான்தான் வெட்டினேன். நான் இறக்காவிட்டால் தெற்கே இருப்பவன் இறக்கிவிடுவான். அவனிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்வீர்களா?”

தெற்கே இருப்பவரிடம் நான் சொல்லப் போவதில்லை. அவர் கணக்குக்கு நான் பொறுப்பாளியும் அல்லன். பிறர் செய்யும் தவறு நம் தவற்றை நியாயமாக்காது என்று சொல்லிவிடவும் கூடும். ஆனால் தம்பியின் முதல் வாக்கியம் என்னை விடவில்லை. ஒரு செலவும் இல்லாமல் நான் ‘வேண்டாம்’ என்று சொல்வதும் ஓர் இலவசம்தானே! என் நேர்மையின் விலைச்சீட்டை அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் நல்லவனாக இருந்துகொள்வதா? மேலே உயர்ந்த ஒன்றுக்காகக் கீழே இறங்கிய ஒன்று இருக்க வேண்டும் என்று படித்தவன், இறங்க வேண்டியது நான் என்பதை மட்டும் எப்படி மறந்தேன்?

ஆகவே கையெழுத்துப் போடவில்லை. அதற்கு ஈடாக, தோட்டத்து விளைச்சலில் ஆண்டுதோறும் எனக்கு வரும் பங்கை விட்டுக்கொடுத்தேன். என் மகளின் திருமணத்துக்கென்று வைத்திருந்ததில் ஒரு பகுதியை எடுத்துச் சொட்டுநீர்க் குழாய் போடக் கொடுத்தேன். தென்னையில் பாதியைக் குறைத்து, மானாவாரியில் சோளமும் கொள்ளும் விதைப்பதென்று பேசி முடித்தோம். தூர்ந்து கிடந்த பாட்டனாரின் பழைய கிணற்றைத் தூரெடுத்து, மழைநீர் அதில் இறங்கும்படி வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். அதில் நீர் ஊறினால் அது பொழிக்கு அப்பாலும் போகும். போகட்டும்.

தம்பி முழுமனத்தோடு சம்மதித்தான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். என் மனைவியும் இன்னும் சில நாட்கள் பேசாமல்தான் இருந்தார். அடுத்த இரண்டு ஆண்டு மழை எப்படியிருக்கும் என்பது இறைவனின் நாட்டத்தில் இருக்கிறது. நாங்கள் செய்தது சரியா என்பதைக் கிணற்று நீரின் மட்டம் தீர்மானிக்காது. நீர் ஊறாவிட்டாலும் அண்டை வீட்டாரின் உரிமை உரிமைதான்.

மாணவனிடம் மறுவாரம் கேட்டேன்: “உன் மூன்று கேள்விக்கும் விடை கிடைத்ததா?” அவன் தலையாட்டினான். பிறகு பள்ளிவாசல் தொட்டியடிக்குப் போனான். அங்கே சின்னப் பிள்ளை ஒருவன் ஒளூச் செய்துவிட்டுக் குழாயைச் சரியாக மூடாமல் போயிருந்தான். இவன் அதை இறுக மூடிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்க்காமலே நடந்தான்.